தொண்ணூற்றைந்தாவது உடல்



குதிரைக் குளம்பொலி கேட்க வேண்டும், வாள் மின்ன வேண்டும், அரசன் வர வேண்டும். இவை இருந்தால்தான் சரித்திர நாவல் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். எடித் பார்கெட்டர் என்ற ஆங்கிலேய அம்மையாரின் கதைகளிலும் அரசன் வருவான். ஆனால் கதை அவனுடையதல்ல.

1913இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். டாலி என்ற சிற்றூரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணி. செக் மொழியைக் கற்று, அதன் இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய காட்ஃபேல் துப்பறியும் வரிசையின் முதல் நாவல் வெளிவந்த 1977இல் அவருக்கு வயது 63! 1994க்குள் அந்த வரிசையில் மொத்தம் 20 நாவல்கள்.

காட்ஃபேல் யார்? 12ஆம் நூற்றாண்டில் ஷ்ரூஸ்பரி மடத்துத் துறவி. சிலுவைப் போருக்குப் போய்வந்தவர். இப்போது மூலிகைத் தோட்டக்காரர். பார்கெட்டரின் மருந்துக்கடை அனுபவம் வீண்போகுமா? ஒரு நாவலில், மூட்டுவலிக்கு அவர் காய்ச்சிய தைலமே ஒருவரின் சாப்பாட்டில் கலந்து உயிரைக் குடிக்கிறது. வசநாபி இனத்து வேர்; தேய்த்தால் மருந்து, தின்றால் நஞ்சு.

இன்னொரு நாவலைச் சொல்கிறேன். ஆண்டு 1138. இங்கிலாந்தின் அரியணைக்காக மன்னன் ஸ்டீபனும் அவன் மாமன் மகள் மட்டில்டாவும் மோதுகிறார்கள். ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன், எதிர்த்து நின்ற வீரர்களைத் தூக்கிலிடச் செய்கிறான். இது வரலாறு. நாவலில் அவர்கள் 94 பேர். அடக்கம் செய்ய வந்த காட்ஃபேல் எண்ணுகிறார். 95! ஒரு கழுத்தில் மட்டும் மெல்லிய கயிறு இறுக்கிய கோடு. அரசன் கொடுத்த தண்டனைக்குள் எவனோ தன் கொலையை ஒளித்துவிட்டான். 'இத்தனை பேரோடு ஒருவன், போகட்டும்' என்று காட்ஃபேல் விடவில்லை. அரசனிடமே போய் நிற்கிறார்.

வரலாறு செத்தவர்களைக் கூட்டிச் சொல்கிறது. துப்பறியும் கதை ஒருவனைப் பேர் சொல்லித் தேடுகிறது. இரண்டையும் ஒரே கதையில் நடத்திக் காட்டியவர் பார்கெட்டர். நடையிலும் நிதானம்: மடத்து மணி, அறுவடை, மழை என்று காலம் தன் போக்கில் நகரும். குற்றவாளி அகப்பட்ட பிறகும், சட்டத்திடம் ஒப்படைப்பதுதான் நீதியா என்று காட்ஃபேல் யோசிப்பார்.

சரித்திரக் கதை எழுத வரும் இளைஞர்களே! 'இத்தனை பேர் மாண்டார்கள்' என்று பழைய ஏடு சொன்னால், அடுத்த பக்கத்துக்குத் தாவாதீர்கள். நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.