பூட்டும் திறவுகோலும்

(சம்பூர்க் கூட்டத்திற் பேசியது)



மின்வணிகமென்பது கொழும்புப் பெருவணிகரின் காரியம், வயலிலே நிற்பவர்க்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். நெல் விற்ற பணம் கைத்தொலைபேசி வழியாக வங்கிக் கணக்கிற் சேரும் இந்நாளில் அவ்வெண்ணம் பொருந்தாது. அப்பணத்தைக் காப்பது இரும்புப் பெட்டியன்று. மறைகுறியாக்கம் என்னும் கணிதப் பூட்டேயாகும்.

1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதற்கொரு புதுவழி காட்டினர். திறந்த பூட்டை ஊரெல்லாம் கொடுக்கலாம். எவரும் பெட்டியைப் பூட்டி நமக்கு அனுப்பலாம். திறவுகோலோ நம்மிடம் மட்டுமே இருக்கும். இதே முறையைத் திருப்பிப் பயன்படுத்தினால் அது கையொப்பமுமாகும்.

மின் கையொப்பத்தை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் ஏற்றுக்கொண்டது. சம்பூர் மக்கள் குண்டுவீச்சுக்கஞ்சி ஊரைவிட்டு ஓடியதும் அதே ஆண்டில்தான். காணி விற்பனையை அச்சட்டம் தன் எல்லைக்குப் புறம்பே நிறுத்தியது; நல்லதே செய்தது. காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்படும்வரை காத்திருந்த ஊரவர்க்கு, பொத்தானை அழுத்தியதும் காணி கைமாறும் ஏற்பாடு வேண்டியதில்லை.

கையொப்பத்தை மதித்த அரசு பூட்டை மதித்ததா? 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மறைகுறியாக்கத்தைப் பாதுகாப்பு முறைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் பாருங்கள். விசாரணைக்காகச் செய்திகளை இடைமறிக்க நீதவானின் ஆணை வேண்டுமென முதலிற் சொல்கிறது. அடுத்த உட்பிரிவோ, அவசரமும், சான்று அழியும் வாய்ப்பும், இரகசியம் காக்கும் தேவையும் இருந்தால் ஆணையின்றியே செய்யலாம் என்கிறது. அவசரமென்று தீர்மானிப்பவர் யார்? இடைமறிப்பவரே! இத்தகைய அவசரங்களின் பொருளை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்திய அரசு 2015 செப்டெம்பரில் ஒரு மறைகுறியாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. பூட்டி அனுப்பிய செய்தியின் திறந்த படியைக் குடிமகன் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. எதிர்ப்பெழுந்தது, சில நாட்களிலேயே வரைவு மீளப்பெறப்பட்டது. அவ்வாறு திறந்து வைத்த படி அரசுக்காக மட்டும் காத்திராது, கள்வனுக்காகவும் காத்திருக்கும்.

குற்றவாளியும் இப்பூட்டைப் பயன்படுத்துகிறானே என்பர். உண்மை. அதற்காகவே நீதவான் இருக்கிறார். நள்ளிரவிலும் அவரிடம் ஆணை கேட்கலாம். ஆகவே 18ஆம் பிரிவின் அந்த உட்பிரிவு நீக்கப்பட வேண்டும். அரசுக்கென மறுதிறவுகோல் கோரும் சட்டம் எதுவும் வரலாகாது. வங்கியின் எச்சரிக்கைச் செய்தி தமிழர்க்குத் தமிழிலேயே வர வேண்டும்.

இன்னொன்று. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி எவர் கேட்டாலும், தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். அந்த எண்தான் உங்கள் திறவுகோல். அதைக் கேட்டு வாங்கியவனுக்கு எந்தப் பூட்டையும் உடைக்கவேண்டிய வேலையில்லை.