சவுக்கு வைத்திருந்தவருக்குக் கிடைத்த இழப்பீடு



கரீபியன் தீவு நாடுகள் பிரிட்டனிடம் இழப்பீடு கேட்கின்றன. எங்கள் முன்னோரை அடிமைகளாக்கித் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்ட வைத்தீர்களே, அந்தக் கணக்கைத் தீருங்கள் என்கின்றன. உடனே சிலர் கேட்கிறார்கள்: ‘செத்துப்போனவர்களுக்காக இப்போது யார் கொடுப்பது? மனிதனுக்கு எப்படி விலை போடுவது?’ கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் இரண்டுக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-லேயே விடை எழுதிவிட்டது!

அந்த ஆண்டுதான் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தோடு சேர்த்து 2 கோடி பவுன் இழப்பீடும் ஒதுக்கினார்கள். அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் அது ஏறக்குறைய 40 சதவீதம். யாருக்குப் போனது அந்தப் பணம்? முதுகில் அடி வாங்கியவருக்கா? இல்லை ஐயா, சவுக்கு வைத்திருந்தவருக்கு! ‘என் சொத்து கைவிட்டுப் போகிறதே’ என்று அழுதவருக்கு!

விலை போட்ட விதத்தைக் கேளுங்கள். அதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, உடைமையாளர்களிடம் மனு வாங்கினார்கள். வயலில் உழைப்பவருக்கு ஒரு விலை, வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு விலை. ஆறு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி விலை. இனி வேலைக்கு ஆகமாட்டார் என்று ஒதுக்கிய கிழவருக்கும் நோயாளிக்கும் இன்னொரு விலை. தீவுக்குத் தீவு விகிதம் வேறு. ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளி 2,508 பேருக்காக 1,06,769 பவுன் வாங்கினார். பின்னாளில் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பனார் அவர்.

சரி, விடுதலை பெற்றவர்களுக்கு? ஒரு பென்னிகூடக் கிடையாது. பெரும்பாலான தீவுகளில் அவர்களுக்குத் ‘தொழில் பழகுநர்’ என்று பெயரை மாற்றி, அதே முதலாளியிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் உழைக்கவிட்டார்கள். 1838-ல்தான் அதுவும் முடிந்தது. அதே ஆண்டு, அவர்கள் இடத்தை நிரப்ப, ஜான் கிளாட்ஸ்டனின் ஏற்பாட்டில் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கயானாவில் போய் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் நம் சென்னையிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. எரிகிற வீட்டில் பிடுங்கியவரை லாபம்!

பழங்கதை என்கிறீர்களா? அந்த 2 கோடியைக் கொடுக்க அரசு கடன் வாங்கியது. அந்தக் கடன் 2015-ல்தான் அடைந்தது என்று பிரிட்டிஷ் நிதித்துறையே 2018-ல் சொன்னது. அப்படியானால், பிழைக்கப் போன இடத்தில் லண்டன் பேருந்தை ஓட்டிய ஜமைக்காக்காரரின் வரிப்பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. தன் பாட்டனை அடிமையாக வைத்திருந்தவருக்குப் பேரன் கடன் கட்டியிருக்கிறார்!

பிரான்ஸ் செய்தது இன்னும் துணிச்சல். போராடி 1804-ல் விடுதலை பெற்ற ஹைதியிடம், 1825-ல் போர்க்கப்பல்களை நிறுத்திக்கொண்டு 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பிற்பாடு 9 கோடியாகக் குறைத்தது. அதற்காகப் பட்ட கடனை ஹைதி 1947 வரை கட்டியது.

இன்று தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கேட்பவர்களும் அப்படிக் கேட்கவில்லை. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு 2014-ல் பத்து அம்சத் திட்டம் ஒன்றை வைத்தது. முதல் அம்சம், முழுமையான மன்னிப்பு. பிறகு பொதுச் சுகாதாரம், எழுத்தறிவு, தொழில்நுட்பம், கடன் தள்ளுபடி. அடுத்த ஆண்டு ஜமைக்கா நாடாளுமன்றத்தில் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், இதையெல்லாம் கடந்து முன்னே போவோம் என்றார். கணக்கு முடிக்காமல் கடையைச் சாத்துகிற பேச்சு அது.

2024-ல் சமோவாவில் கூடிய காமன்வெல்த் தலைவர்கள், இதைப் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். அந்த மேசையில் இந்தியாவுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதே தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய நாடு இது. கரீபியன் நாடுகள் கணக்குக் கேட்கும்போது இந்தியா அவர்கள் பக்கம் நின்று பேசவேண்டும். இந்த வாசகர் வட்டத்தின் தீர்மானமாக இதைத் தில்லிக்கு எழுதுவோம் என்று முன்மொழிந்து அமர்கிறேன்.