வலையைப் பின்னியவர் யார்?

(மாயூரம் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில், நாவலாசிரியர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிப் பேசியது)



நாவலென்றால் பொழுது போகாதவர்கள் சாய்ந்துகொண்டு படிக்கிற சமாச்சாரம் என்று நம்மில் பலருக்கு எண்ணம். பட்ட அடியைச் சொல்வதற்காக நாவல் எழுதினவர்களும் உலகத்தில் உண்டு. லண்டனில் 1864-ல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த இஸ்ரேல் சாங்வில் அப்படிப்பட்டவர். பிழைப்புத் தேடி வந்த தம் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த சந்துகளை வைத்து 1892-ல் நாவல் எழுதினார். 1908-ல் அவருடைய நாடகமொன்று அமெரிக்காவில் மேடையேறிப் பெயர் பெற்றது. வெளியார் எழுதினால் ஒன்று பரிகாசம், இல்லாவிட்டால் பரிதாபம். உள்ளே பிறந்தவர் எழுதினால்தான் நல்லதும் கெட்டதும் சேர்ந்து வெளிவரும்.

அந்த வேலையை நம் காவிரிக் கரையில் செய்தவர் ஒரு பெண். அதுவும் இந்த மாயூரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்தவர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இராமாமிர்தம் அம்மையார் 1883-ல் பிறந்தார். குடும்பத்திலே வறுமை. தகப்பனார் ஊரைவிட்டுப் போய்விட்டார். தாயார் வேறு வழியின்றி, பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் குழந்தையை ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டார். ஒரு பசுங்கன்றுக்கும் இதைவிட அதிக விலை கேட்டிருப்பார்கள்! வளர்ந்த பிறகு, வயது முதிர்ந்த ஒரு பணக்காரருக்கு அவரைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். அம்மையார் மறுத்தார். தமக்குப் பாட்டும் நாட்டியமும் கற்றுக்கொடுத்த சுயம்புப் பிள்ளை அவர்களையே தம் இஷ்டப்படி துணைவராக ஏற்றுக்கொண்டார். தாசி குலத்துக்குக் கல்யாணம் ஏது என்று ஊரே கேட்ட காலம் அது!

தோழர்களே! பொட்டுக்கட்டு என்பதைப் பக்தி என்று சொன்னார்கள். அதன் சூட்சுமம் என்ன? ஒரு பெண்ணைச் சாமிக்குத் தாலி கட்டிவைத்தால், அந்த ஊழியத்துக்காகக் கோயில் மானியம் உண்டு. அடுத்த தலைமுறையிலும் ஒருத்திக்குப் பொட்டுக்கட்டினால்தான் மானியம் வீட்டில் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். அதாவது காணி கைவிட்டுப் போகாமலிருக்க மகளைக் கொடுக்க வேண்டும்! நஞ்சை கொழித்த அன்றைய தஞ்சை ஜில்லாவிலே இந்த ஏற்பாடு வேரோடியிருந்ததில் ஆச்சரியமென்ன?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மைனர்கள் தாசி வீட்டில் கொட்டின பணம் எங்கிருந்து வந்தது? பண்ணையாள் சேற்றில் நின்று விளைவித்த நெல்தானே களத்து மேட்டிலிருந்து வண்டியேறி, வைர மூக்குத்தியாயிற்று! நட்டவளுக்கு அரைவயிற்றுக் கூலி. மிராசுதார் வீட்டுப் பெண்மணிக்குக் கண்ணீர். தாசிக்குக் கெட்ட பெயர்.

இந்தச் சங்கதிகளையெல்லாம் கண்ணாரக் கண்ட அம்மையார், 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். மகள்களை முதலாக வைத்துத் தொழில் நடத்தும் ஒரு தாய். அவள் வலையில் விழுந்து சொத்தைத் தொலைக்கும் ஜமீன் வீட்டார். அந்த வாழ்வை வெறுத்து வெளியேறி மற்றவர்களையும் மீட்கப் பாடுபடும் தாசி குலப் பெண்கள் என்று கதை போகிறது. முடிவில் தாசி ஒழிப்பு மாநாடே கூடுகிறது. இலக்கணப் பண்டிதர்கள் இதிலே பிரசங்கம் அதிகம் என்பார்கள். ஆம், அதிகந்தான். வீடு பற்றி எரியும்போது கூவுகிறவளிடம் ராகம் தாளம் பார்ப்பதுண்டா?

சிலர், “தம் குலத்துப் பெண்களை இவரே மோசக்காரிகள் என்று எழுதலாமா?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புத்தகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் தாசிகள்மேல்தான் குற்றம் என்று தோன்றும். உள்ளே போனால், வலை வீசுகிறவளே முதலில் வலையில் பிடிபட்டவள் என்பது தெரியும். பெற்ற மகளை விற்கும்படி ஒரு தாயைச் செய்த மதமும், மானியமும், பணக்காரர் திமிருமே அந்த நூலை நூற்றன.

அம்மையார் எழுதிவிட்டு வீட்டில் உட்காரவில்லை. காங்கிரசில் கதர் இயக்கத்துக்கு உழைத்தார். 1925-க்குப் பின் பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1938-ல், ஐம்பத்தைந்து வயதில், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்துசென்ற இந்தி எதிர்ப்புப் படையில் தாமும் நடந்தார். அவ்வருஷமே சிறையும் புகுந்தார். தாசி ஒழிப்புக்காகச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் போராட, ஊர் ஊராக, வீடு வீடாகப் போராடினவர் இவர். மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து பிரிக்கும் சட்டம் 1929-ல் வந்தது. பொட்டுக்கட்டைத் தடுக்கும் மசோதா 1930-ல் கொண்டுவரப்பட்டும், சட்டமானது 1947-ல்தான். பதினேழு வருஷம்! அதற்குள் எத்தனை சிறுமிகள் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும்? 1962-ல் அம்மையார் காலமானபோது, தாம் எதிர்த்தது சட்டப்படி ஒழிந்ததைக் கண்டுவிட்டே போனார்.

“அதோடு கலையும் போயிற்றே” என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கலை எங்கே போயிற்று? பொட்டு இல்லாமலே இன்று எல்லார் வீட்டுப் பெண்ணும் ஆடுகிறாள், பாடுகிறாள். போனது விலைதான்.

கடைசியாக ஒன்று. தங்கள் பாட்டி இன்ன குலத்தில் பிறந்தவள் என்பதை மறைத்து வாழ்கிற குடும்பங்கள் இந்த ஜில்லாவில் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்கம் விற்கப்பட்டவளுக்கு அல்ல, விலை பேசினவனுக்கு. பத்து ரூபாய்க்குக் கைமாறின குழந்தையே அதைப் பகிரங்கமாக எழுதியிருக்க, நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

மேற்படிப்புக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-ல் அம்மையார் பெயரால் ஏற்பட்டது. பணம் வாங்கின பெண்களில் எத்தனை பேர் அவர் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள்? இந்த ஊர்ப் படிப்பகத்தில் அதை வாங்கிவையுங்கள். வாரம் ஒரு அத்தியாயம் யாராவது உரக்கப் படிக்கட்டும். ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். ஏனென்றால், மதி பெற வேண்டியவன் மைனர் என்றுதான் அம்மையார் தலைப்பிலேயே எழுதிவிட்டார்.