மழையைத் தொடரும் மந்தைகள்

தன்சானியாவின் செரங்கெற்றிச் சமவெளியைக் காணச் செல்வோர், இடத்தைக் குறிக்குமுன் மாதத்தைக் குறித்தல் வேண்டும். அங்குள்ள பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூ மான்கள் ஓரிடத்தில் தங்குவன அல்ல. மழையையும் புல்லையும் நாடி ஆண்டு முழுவதும் நடப்பன. பெப்ரவரியில் தெற்கே கன்றுகளை ஈனும்; ஆகஸ்ட் அளவில் வடக்கே முதலைகள் நிறைந்த மாரா ஆற்றைக் கடக்கும். பிறப்பைக் காண விழைவோர் தெற்கிலும், உயிர்ப்போராட்டத்தைக் காண விழைவோர் வடக்கிலும் தங்குதல் தகும்.

அயலிலுள்ள இங்கொரொங்கோரோ எரிமலைப் பள்ளமோ ஏறக்குறைய 2,000 அடி ஆழமுடையது. அங்கே எம்மாதத்திலும் விலங்குகளைக் காணலாம். 1959இல் செரங்கெற்றியினின்று பிரிக்கப்பட்ட அப்பகுதியில், மசாய் மக்கள் தம் ஆநிரைகளோடு குடியிருக்க இடமளிக்கப்பட்டது. விலங்குக்கும் மேய்ப்பருக்கும் அந்நிலம் போதுமா என்னும் வினா இன்றும் தீரவில்லை. அதனையும் அறிந்து செல்லுதல் பயணிக்குக் கடனாகும்.