கைவேலைக்கு அரைப்பேர் போடாதீங்க

(மாதர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீட்டில் செய்த கைவேலையையும் வரைந்த படத்தையும் விற்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். டவுனில் நடந்த பழைய சாமான் விற்பனையில் நம்ம ஆட்கள் சிலர் மேசை போட்டார்கள், நாங்களும் கூட நின்றோம். வெளிநாட்டில் கார் நிறுத்தும் கொட்டிலைத் திறந்து வைத்து வீட்டுக்கு வேண்டாத சாமானை விற்பார்கள் அல்லவா, அதே மாதிரிதான். ஒரு மண்டபம், நீள மேசைகள், பழைய கேத்தல், பீங்கான், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள். அதற்கு நடுவில் நம்ம பூவேலை செய்த தலையணை உறை, ஊசியில் பின்னிய மேசை விரிப்பு, ஒரு தம்பி வரைந்த படங்கள்.

பழைய கேத்தலுக்குப் பக்கத்தில் வைத்த எதையும் கேத்தல் விலைக்குத்தான் கேட்பார்கள். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, மலிவு தேடித்தான் வந்திருக்கிறார்கள். தம்பியின் படத்தை ஒருவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நமக்கெல்லாம் சந்தோசம். கடைசியில், "படத்தைக் கழட்டிட்டு பிரேமை மட்டும் தருவீங்களா?" என்று கேட்டார். தம்பி கொடுக்கவில்லை. நல்ல காரியம் செய்தார்.

எங்களுக்கு அதைவிட மனவருத்தம் தந்தது வேறொன்று. தலையணை உறை என்ன விலை என்று கேட்டதும் நம்ம அக்கா ஒருவர், "நீங்களே பாத்துக் குடுங்க" என்றார். ஒரு சோடிக்கு 300 ரூபா நீட்டினார்கள், வாங்கிக்கொண்டார். துணிக்கும் நூலுக்குமே அது காணாது!

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் இப்படிச் சொல்வோமா? சாக்குக்கு என்று ஒரு கிலோ கூட வெட்டினால் எவ்வளவு சத்தம் போடுகிறோம்! அரைப்பேர் போட்டால் சும்மா விடுவோமா? அதே ஆள்தான், ராத்திரி சமையலெல்லாம் முடித்து, பிள்ளைகளைப் படுக்கப் போட்டு, கண்ணைக் கெடுத்துத் தைத்த வேலைக்குத் தனக்குத் தானே அரைப்பேர் போட்டுக்கொள்கிறார். உண்மையில் அரைப்பேர்கூட இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 169 ரூபா. அதற்குப் பிறகு கூடியதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சோடி உறைக்கு 12 மணித்தியாலம் போனால் கூலி மட்டும் 2000 ரூபாவைத் தாண்டும். துணி, நூல், பஸ் காசு வேறு.

"இந்த விலைக்கு யார் வாங்குவா?" என்று முன்னால் இருக்கிற அம்மா கேட்கிறார். பழைய சாமான் மேசையில் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள், அது சரிதான். அதனால் பெரிய வேலையை அங்கே குவிக்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வாழ்த்து அட்டை, பின்னல் பூ, சின்னப் பை இவற்றைக் கொண்டு போகலாம். பெரியதில் ஒன்றை மட்டும் தனியாகத் தொங்கவிட்டு, சரியான விலையை எழுதி, 'ஓடருக்குச் செய்து தரப்படும்' என்று போடுங்கள். விலைச்சீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். சீட்டு இருந்தால் "பாத்துக் குடுங்க" என்ற பேச்சு வராது. சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும்.

மலிவு தேடாமல் ஆசைக்கு வாங்குகிறவர்கள் வருகிற இடமும் காலமும் உண்டு. ஏப்ரலில் நுவரெலியா நிரம்பி வழியும். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் ஹட்டன், மஸ்கெலியா வழியாகப் போகிறார்கள். மலை ஏறுகிறவர் பாரம் தூக்கமாட்டார், மடித்துப் பைக்குள் வைக்கக்கூடியதைத்தான் வாங்குவார். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவது பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கேட்கக் காசு இல்லை.

படம் வரைகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கூடையோடு சிரிக்கிற பெண்ணை எத்தனையோ தேயிலைப் பக்கற்றில் போட்டாயிற்று. மழையில் நனைந்த படங்கு இடுப்பில் எப்படித் தொங்கும், லயத்து அடுப்பில் புகை எந்தப் பக்கம் போகும், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதை வரையுங்கள். சாயத் தண்ணீரால் வரைகிறவர்கள் வெயில் படாத இடத்தில் வையுங்கள், நிறம் மங்கிப்போகும். பின்பக்கம் பெயரும் தோட்டமும் எழுத மறக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு கொப்பி கொண்டு வாருங்கள். இப்போது கையில் இருக்கிற வேலையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்று ஒவ்வொரு ராத்திரியும் குறித்து வையுங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கொப்பியை வைத்து எல்லோருமாக உட்கார்ந்து விலைச்சீட்டு எழுதுவோம்.