கூகையும் குடியானவனும்

நள்ளிரவில் வீட்டுக் கூரைமீது ஆந்தை அலறினால் நம்மில் பலருக்கு நெஞ்சு துணுக்குறுகிறது. 'சாக்குருவி வந்துவிட்டது' என்று பெரியவர்கள் முணுமுணுப்பர், சிறுவர் கல்லெடுப்பர். இத்தனை பழிக்கும் ஆளாக அப்பறவை செய்த குற்றந்தான் யாது?

பழந்தமிழர் இதனை நன்கு கவனித்தவர்கள். ஆந்தை, கூகை, குடிஞை எனப் பெயர்கள் பல வழங்கின. சங்கப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர். காலமறிதல் என்னும் அதிகாரத்தின் முதற் குறளில், கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும் என்பதை வள்ளுவர் உவமையாக்கினார். அதனால் ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பகலிலும் அதற்குப் பார்வை உண்டு. காக்கைகள் கூட்டமாய்த் திரண்டு துரத்தும்போது, தனித்திருக்கும் கூகை ஒதுங்கிப் போகிறது, அவ்வளவே.

ஆந்தையின் கண்கள் குழிக்குள் அசையாமல் பொருந்தியவை. பக்கத்தே பார்க்க வேண்டுமாயின் அது தலையையே திருப்பவேண்டும். நமக்குக் கழுத்தெலும்புகள் 7, ஆந்தைக்கோ 14. ஆகையால் ஏறத்தாழ 270 பாகை, அதாவது முக்கால் வட்டம், தலையைத் திருப்ப அதற்கு இயலும்.

கண்ணினும் வியப்புக்குரியது செவி. கோபுர மாடங்களிலும் பாழ்மனைகளிலும் தங்கும் வெண்ணிறக் கூகையின் முகம் அரசிலை போன்றது. அம்முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்புகிறது. ஒரு செவி சற்று மேலும், மற்றொன்று சற்றுக் கீழும் அமைந்திருப்பதால், ஒலி எவ்வுயரத்திலிருந்து வருகிறது என்பதும் அதற்குப் புலப்படும். ராஜர் பெய்ன் என்னும் அமெரிக்க அறிஞர் முழு இருள் சூழ்ந்த அறையில் சருகுகளைப் பரப்பி எலியை விட்டார். கூகை குறி தவறாமல் பிடித்தது. எலிக்குப் பதிலாகக் காகித உருண்டையைச் சருகின்மேல் இழுத்தபோது அதன்மீதும் பாய்ந்தது! மணமோ உடற்சூடோ அன்று, ஒலியே அதற்கு வழிகாட்டி என்பது தெளிவாயிற்று. சிறகின் முன்விளிம்பிலுள்ள சீப்புப் போன்ற அமைப்பும், பின்விளிம்பின் மெல்லிய குஞ்சமும், மேற்பரப்பின் பட்டுப் போன்ற மென்மையும் பறக்கும் ஓசையை அடக்கிவிடுகின்றன. எலிக்கு அதன் வரவு தெரிவதே இல்லை.

இனி, சாவுக்கும் ஆந்தைக்கும் என்ன தொடர்பு? நோயாளி உள்ள வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். விளக்கை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடிப் புள்ளி ஆந்தை வரும். அங்கே விழித்திருப்போர் செவியில் அதன் குரல் விழும். வந்தது இரைக்கு, நாம் கண்டதோ யமனின் தூதனை!

உண்மையில் இது குடியானவனின் தோழன். கூகையின் முக்கிய உணவு எலியே. உண்டபின் மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டையைப் பிரித்துப் பார்த்தால் எலிகளின் மண்டையோடுகளை நாமே எண்ணிக்கொள்ளலாம். குஞ்சுகள் வளரும் காலத்தில் தாயும் தந்தையும் இரவெல்லாம் எலி பிடித்துக் கூட்டிற்குக் கொணர்கின்றன. இதை உணர்ந்த உழவர்கள் நெல்வயலில் குறுக்குக் கட்டையுடன் கூடிய கம்புகளை நட்டு, ஆந்தைக்கு இருக்கை அமைக்கின்றனர்.

ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. எலிக்கு வைத்த நஞ்சு, அந்த எலியை உண்ணும் ஆந்தையின் உடலிலும் சேர்கிறது. பொந்துள்ள முதுமரங்கள் வெட்டுண்டு போகின்றன. மாந்திரீகம் என்ற பெயரால் இதனைக் கொல்வாரும் உளர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் நம் மனத்திலுள்ள அச்சத்தைச் சட்டம் போக்க இயலாது. அறிவுதான் போக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு உங்கள் கூரைமீது அக்குரல் கேட்டால் கல்லைத் தேடாதீர்கள். உங்கள் களஞ்சியத்து நெல்லைக் காக்க ஒரு காவலன் கூலியின்றி வந்திருக்கிறான் என்று எண்ணி, நிம்மதியாக உறங்குங்கள்.