பொது மொழியும் வேண்டும், தாய்மொழியும் வேண்டும்

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கிழக்கு ஆப்பிரிக்காவில் டான்சானியா என்றொரு நாடு. அதன் பெரிய துறைமுகப் பட்டணம் தார் எஸ் சலாம். அந்தப் பட்டணம் எழும்பிய மண் ஜராமோ ஜனங்களின் மண். அவர்கள் குடியானவர்கள். அவர்களுக்கென்று சொந்த மொழி உண்டு. அந்த மொழி இன்று ஸ்வாஹிலிக்கு இடம்விட்டு மறைந்து வருகிறது. பாட்டி ஜராமோவில் கேட்டால் பேரப்பிள்ளை ஸ்வாஹிலியில் பதில் சொல்கிறது.

ஸ்வாஹிலியை நாம் பகையாக நினைக்கலாமா? கூடாது. அதுவும் ஆப்பிரிக்க மொழிதான். ஜராமோவுக்கு உறவு மொழி. அந்த நாட்டிலோ 120-க்கு மேற்பட்ட மொழிகள்! 1905-ல் ஜெர்மன் ஏகாதிபத்தியவாதிகள் ஜனங்களை அடித்துப் பருத்தி பயிரிடச் சொன்னபோது, பல இனத்தாரும் ஒன்றாகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஜராமோ மக்களும் எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் பெயர் 'மாஜி மாஜி'. மாஜி என்றால் ஸ்வாஹிலியில் தண்ணீர். 1947-ல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும், 1961-ல் விடுதலை பெற்றபோதும் ஜனங்களை இணைத்த மொழி ஸ்வாஹிலி. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1967 முதல் ஆரம்பப் பள்ளியில் ஸ்வாஹிலியே போதனா மொழி. நல்ல காரியம். ஆனால் ஜராமோவுக்குப் பள்ளியில் இடமே இல்லை. பட்டணத்தில் வேலை, சந்தை, ஆபீஸ் எல்லாம் ஸ்வாஹிலி. வயிற்றுப்பாடு எந்த மொழியில் நடக்கிறதோ, அந்த மொழி வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

நஷ்டம் என்ன? ஜராமோ வீட்டுப் பெண் பூப்பெய்தினால் தனியே இருத்தி, கையில் 'ம்வானா ஹிட்டி' என்ற சிறு மரப்பொம்மையைக் கொடுப்பது வழக்கம். அந்தப் பொம்மைகள் இன்று பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன. பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். பாட்டி சொன்ன புத்திமதியை எந்தப் பெட்டியில் வைப்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழையின் பிள்ளை தாய்மொழியை விட்டு ஸ்வாஹிலிக்கு வந்தான். உயர்நிலைப் பள்ளி வாசலுக்குப் போனால் அங்கே இன்றும் பெரும்பாலும் ஆங்கிலம்தான்! கீழே இருந்தவன் மொழி போயிற்று; மேலே இருந்த எஜமான் மொழி அசையவில்லை.

ஆகவே நாம் சொல்வது இது: ஒற்றுமைக்குப் பொது மொழி வேண்டும். அதற்காகத் தாய்மொழி சாக வேண்டியதில்லை. பிள்ளை இரண்டையும் கற்கும். முதல் வகுப்புகளில் ஜராமோவுக்கும் இடம் கொடு. ஸ்வாஹிலியை உயர்நிலைப் பள்ளிக்கும் கொண்டுபோ. இதுவே உழைக்கும் ஜனங்களுக்கு நியாயம்.